கவரா, போட்டோவா, நோட்டா? மலைல பழைய வண்டி பிரிக்கிறவங்களுக்கு

பழைய வண்டிய முழுசா பிரிச்சு செய்யணும்னு இறங்குறவங்க முதல்ல கேக்குறது நல்ல டிங்கர் யாரு, பெயின்ட் எங்க அடிக்கலாம்னு தான். கழட்டுன சாமான எப்படி வைக்கிறதுன்னு யாரும் கேக்குறதில்ல. குன்னூர், கோத்தகிரி பக்கம் பாதில நிக்கிற வண்டிங்கள்ல, காசில்லாம நின்னத விட எது எங்க போச்சுன்னு தெரியாம நின்னது தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டயே எடுத்துக்குவோம், மெட்ராஸ்ல செஞ்ச கார். சேஸிஸ், அதாவது அடில இருக்கிற ஃபிரேம், தனி, பாடி தனி, அதனால முழுசா பிரிக்கிறதுக்கு அருமையான வண்டி. ஆனா பாடி உக்கார்ற ஒவ்வொரு இடத்துலயும் உயரம் சரி பண்ண வைக்கிற பேக்கிங் துண்டு இருக்கும், எந்த இடத்துல எத்தனைன்னு மாறிப்போனா அப்புறம் டோர் இடைவெளி சரியா வரவே வராது.

போன்ல போட்டோ எடுக்குறது தான் இப்ப எல்லாரும் பண்றது. வயரிங் எந்த வழியா போகுது, கிளிப் எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னு காட்ட இத விட்டா வேற வழியே இல்ல, ஆனா போல்ட்டோட நீளமும் மரையும் போட்டோல தெரியாது. இந்த வண்டில இருக்கிறது இன்ச் மரை. 5/16 இன்ச் போல்ட்டும் எட்டு எம்எம் போல்ட்டும் கண்ணுக்கு ஒண்ணு தான், 13 ஸ்பேனர் கூட ரெண்டுக்கும் கிட்டத்தட்ட உக்காரும், ஆனா மாத்தி போட்டா ஒண்ணு ரெண்டு சுத்து போய் இறுகிக்கும், அதுக்கு மேல முறுக்குனா மரை போச்சு.

சில மெக்கானிக் அண்ணாங்க கழட்டுன போல்ட்ட அதே ஓட்டைலயே திருப்பி மாட்டி விட்ருவாங்க. இஞ்சின், கியர்பாக்ஸுக்கு அது தான் பெஸ்ட், தேடவே வேணாம். பாடிக்கு இது ஒத்து வராது, சுரண்டி பெயின்ட் அடிக்கப் போகும்போது எல்லாத்தையும் மறுபடி கழட்டித்தானே ஆகணும்.

என் ஓட்டு ஜிப் கவருக்கு தான். ஒரு இடம், ஒரு கவர். "இடது முன் டோர், மேல் ஹின்ஜ்"னு எழுதணும், இடது வலதுன்னா டிரைவர் சீட்ல உக்காந்து பாக்குற கணக்கு, இத முதல் நாளே எல்லார்கிட்டயும் சொல்லிரணும், ஏன்னா கழட்டுறது ஒருத்தர், மாட்டுறது வேற ஒருத்தரா இருக்கும். கவர் மேல மார்க்கர்ல எழுதுனா தின்னர் பட்டதும் அழிஞ்சிரும், அட்டைல பென்சில்ல எழுதி உள்ள போடுங்க, பென்சில் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் கரையாது. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பிரச்சனை, ஈரம். ஐப்பசி மழைல குன்னூர்ல வீட்டுக்குள்ள துணியே காயாது, அந்த நேரத்துல ஈர இரும்ப கவர்ல போட்டு மூடுனா உள்ளயே துரு பிடிச்சிரும். நல்லா கழுவி, காய வச்சு, எண்ணெய் தடவி அப்புறம் மூடுங்க. தரைல வைக்காம ரேக்ல வைங்க.

எக்செல் ஷீட் வாங்குன செலவ பாக்க ஓகே, க்ரீஸ் கையோட ஷெட்ல யாரும் லேப்டாப்ப தொடப் போறதில்ல. நோட்டு ஒரே ஒரு வேலைக்கு கட்டாயம்: வெளிய போற சாமான். கோயம்புத்தூருக்கு பிளேட்டிங்குக்கோ லேத்துக்கோ அனுப்புறப்ப என்ன, எத்தனை, எந்த தேதின்னு எழுதி, வாங்குறவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிருங்க. மேட்டுப்பாளையம் தாண்டி போன சாமானுக்கு உங்க ஞாபகம் மட்டும் சாட்சியா இருந்தா பத்தாது.

அதனால கவர் தான் அடிப்படை. போட்டோ எடுக்குறப்ப அந்த கவரோட அட்டையையும் பக்கத்துல வச்சே எடுங்க, அப்ப ஆயிரம் போட்டோ இருந்தாலும் எது எதுக்குன்னு தெரியும். அப்புறம் கிழிஞ்ச பீடிங், உடைஞ்ச கிளிப், மக்கிப்போன ரப்பர்னு எதையும் குப்பைல போட்ராதீங்க, அதுக்கும் ஒரு கவர் போடுங்க, புதுசு வந்து வண்டில உக்கார்ற வரைக்கும் அளவு பாக்க உங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணு தான்.