டேப்பை மூடப் பழகிய கதை: ஃபயர்பாக்ஸில் 17 ஆண்டுகள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்பு பார்ப்பதும்தான் என் பிழைப்பு. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் இரவு மூடும் வரை பிரவுசர் திறந்தே கிடக்கும். 2008 ஜூனில், ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் 3ஆம் பதிப்பு வந்த சமயத்தில், அதை முதன்முதலாக நிறுவினேன். ஒரே நாளில் அதிகம் பேர் இறக்கிய மென்பொருள் என்று கின்னஸ் சாதனை வைக்கப் போகிறோம், நீங்களும் இறக்குங்கள் என்று அதை உருவாக்கும் மொசில்லா அப்போது அழைப்பு விட்டிருந்தது. 24 மணி நேரத்தில் 80 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். தெருமுனை பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நடுவில் இரண்டு ஆண்டு குரோமுக்குப் போய்விட்டுத் திரும்பியதைத் தவிர, இன்று வரை இதுதான்.

ஆனால் முதல் பத்து ஆண்டும் இதை உருப்படியாகப் பயன்படுத்தவில்லை. எனக்கு டேப் வியாதி. பிரவுசரில் ஒரே நேரத்தில் எழுபது, எண்பது பக்கம் தனித்தனி டேப்பாகத் திறந்திருக்கும். தலைப்பெல்லாம் மறைந்து, மேலே கடுகு இறைத்த மாதிரி குட்டிக் குட்டி ஐகான்கள் மட்டும் தெரியும். ஒவ்வொன்றும் 'அப்புறம் படிக்கலாம்' என்று விட்டது. லேப்டாப் மூச்சு வாங்கும். ரேம் போதவில்லை என்று 4 ஜிபியை 8 ஆக்கினேன். டேப் நூறு ஆனது.

ஏன் மூடவில்லை என்று பின்னால் யோசித்தால், மூடினால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது என்ற பயம்தான். அந்தப் பயம் தேவையே இல்லை, ஏனென்றால் நான் முதல் நாள் இறக்கிய அந்த ஃபயர்பாக்ஸ் 3இலேயே அதற்கு மருந்து இருந்தது. அட்ரஸ் பார்.

அதில் முகவரி மட்டும்தான் அடிக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் போன பக்கத்தின் தலைப்பிலோ முகவரியிலோ உள்ள ஏதாவது இரண்டு துண்டுகளை, எந்த வரிசையிலும் அடிக்கலாம். தமிழ்த் தலைப்பு என்றால் தமிழிலேயே அடிக்கலாம். ஆறு மாதம் முன்னால் நெல் ரகங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், தளத்தின் பெயர் நினைவில்லை என்று வையுங்கள். 'நெல் சம்பா' என்று தட்டினால் வந்து நிற்கும். உள்ளே நடப்பது எளிமையான கணக்குதான். ஒரு பக்கத்துக்கு எத்தனை முறை போனோம், எவ்வளவு அண்மையில் போனோம் என்ற இரண்டையும் சேர்த்து ஒரு மதிப்பெண். வெறும் லிங்க்கைத் தட்டிப் போன பக்கத்தைவிட, முகவரியைக் கையால் அடித்துப் போன பக்கத்துக்கும் புக்மார்க் செய்த, அதாவது குறித்து வைத்த பக்கத்துக்கும் எடை கூடுதல். நாம் எதை அடித்து எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையும் அது நினைவில் வைத்துக்கொள்வதால், சில வாரங்களில் ஒரே எழுத்தில் வேலை முடியும்.

இன்னும் குறுக்க வேண்டுமா? * அடித்து ஓர் இடைவெளி விட்டால் புக்மார்க்குகளில் மட்டும் தேடும். ^ என்றால் வரலாற்றில், அதாவது முன்பு போய் வந்த பக்கங்களில் மட்டும். % என்றால் இப்போது திறந்திருக்கும் டேப்களில் மட்டும். இந்த மூன்றாவதைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். கன்ட்ரோல் + எல் அழுத்தினால் கர்சர் அட்ரஸ் பாருக்குப் போய்விடும், மவுஸைத் தேட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டைக்கு வருவேன். 'பிரவுசர் மெதுவாக இருக்கிறதா, ஹிஸ்டரியை அழியுங்கள்' என்று சொல்லாத ஆள் கிடையாது. செய்யாதீர்கள். வரலாற்றை அழித்தால் வேகம் கூடியதாக நான் ஒருமுறையும் கண்டதில்லை; அட்ரஸ் பாரின் நினைவு மட்டும் போய்விடும். கேஷையும், அதாவது தளங்களிலிருந்து பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் நகல்களையும் சேர்த்து அழித்தால் எல்லாத் தளங்களும் முதல் முறை திறக்க இன்னும் நேரம்தான் எடுக்கும். மற்றவர் பார்க்கக் கூடாத தேடல் என்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்தித் தனி விண்டோவில் தேடிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்தது தங்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு சொல் பார்க்க அந்தத் தளத்தைத் திறந்து, பெட்டியைத் தட்டி, சொல்லை அடித்து... நாளுக்கு முப்பது தடவை. ஃபயர்பாக்ஸில் ஒரு தளத்தின் தேடல் பெட்டி மேல் ரைட் கிளிக் செய்தால், அந்தத் தேடலுக்கு ஒரு குறுஞ்சொல் வைக்க வழி உண்டு. நான் லெக்சிகனுக்கு ஆங்கில 'எல்' என்ற ஓர் எழுத்தை வைத்திருக்கிறேன். விக்சனரிக்கு 'வி', விக்கிப்பீடியாவுக்கு 'டபிள்யூ'. அட்ரஸ் பாரில் அந்த எழுத்து, ஓர் இடைவெளி, அப்புறம் சொல்; என்டர் தட்டினால் பொருள் முன்னால் நிற்கும். தமிழ்த் தட்டச்சுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற மறந்து கன்னாபின்னாவென்று அடிப்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அது பிரவுசர் குற்றமில்லை.

2019இல் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். லேப்டாப் நீலத் திரை காட்டியது, பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் தம்பி சிரித்த முகமாக, "சி டிரைவை மட்டும்தாண்ணே ஃபார்மட் பண்ணினேன், டி டிரைவ்ல இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார். என் கோப்புகள் டி டிரைவில்தான் இருந்தன, உண்மை. ஆனால் ஃபயர்பாக்ஸ் தன் புக்மார்க், பாஸ்வேர்டு, வரலாறு எல்லாவற்றையும் ஒரு புரொஃபைல் ஃபோல்டரில் வைத்திருக்கிறது. விண்டோஸில் அது இருப்பது சி டிரைவில், யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இடத்தில். பதினொரு ஆண்டு புக்மார்க் போனது. தம்பியைக் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வேலை செய்கிறேன். உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங்' தகவல் பக்கத்தைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை பிரவுசரை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுசாக பென்டிரைவில் நகல் எடுக்கிறேன். இன்னொன்று, சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்கவே தனியாகக் கேட்கும் பிரைமரி பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால், உங்கள் கணினியில் உட்கார முடிந்த யாரும் பிரவுசரைத் திறந்து உங்கள் கணக்குகளுக்குள் நுழைந்துவிடலாம். சர்வீஸுக்குக் கொடுத்த அந்த இரண்டு நாளும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

சரி, டேப்புக்கு வருகிறேன். 2025இல் மட்டும் இதில் மூன்று நல்ல காரியம் நடந்திருக்கிறது. மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பில் டேப்களை இடப்பக்கம் செங்குத்தாக அடுக்கும் வசதி. அகலத் திரையில் பக்கவாட்டு இடம் வீணாகத்தான் கிடக்கிறது, அங்கே தலைப்புகள் முழுசாகத் தெரியும். ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் பழையதுக்குத் திரும்ப மனம் வராது. ஏப்ரல் கடைசியில், 138இல், டேப்களைக் குழுவாகச் சேர்த்துப் பெயரும் நிறமும் வைக்கும் வசதி. ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் போதும். எந்தப் புத்தகத்தை மொழிபெயர்க்கிறேனோ அதன் பெயரில் ஒரு குழு. ஜூனில் வந்த 140இல், டேப்பை மூடாமலே நினைவகத்திலிருந்து இறக்கிவிடும் வசதி ரைட் கிளிக் மெனுவுக்கு வந்தது. டேப் அங்கேயே இருக்கும், ரேம் மட்டும் விடுபடும், தட்டினால் மறுபடி ஏறும். எது ரேமைத் தின்கிறது என்று பார்க்க ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். என் கணினியில் குற்றவாளி பெரும்பாலும் செய்தித் தளங்களும் ஆன்லைன் வரைபடங்களும்தான்.

மூடியதைத் திரும்பத் திறக்கும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருமுறைக்கு மேலும் அழுத்தலாம், வரிசையாகப் பின்னோக்கிப் போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரைட் கிளிக்கைத் தடுத்து வைத்திருக்கும் தளங்களில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் மெனு வரும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ், நீளமான பக்கத்தையும் முழுசாக ஒரே படமாகப் பிடிக்கும். ஆன்லைனில் பணம் கட்டினால் நான் ரசீதை இப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 78 வயது, திரையில் படிக்க மாட்டார். வாரம் நாலைந்து கட்டுரை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படியே அச்செடுத்தால் விளம்பரமும் 'இதையும் படியுங்கள்' பெட்டியுமாகப் பதினொரு பக்கம் போகும். எஃப்9 அழுத்தினால் ரீடர் வியூ வரும். கட்டுரையும் படமும் மட்டும் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்தால் மூன்று பக்கம். எல்லாத் தளத்திலும் வேலை செய்யாது, அட்ரஸ் பாரில் தாள் போன்ற ஐகான் தெரிந்தால்தான் உண்டு. "இந்த வாரம் ஒண்ணும் உருப்படியா இல்லையேப்பா" என்பார். அதற்குக் குறுக்குவிசை கிடையாது.

எனக்கும் கண் முன்போல இல்லை. அமைப்புகளில் எழுத்துருப் பகுதியில் 'அட்வான்ஸ்ட்' என்பதற்குள் போனால், ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுத்துருவும் குறைந்தபட்ச அளவும் வைக்கலாம். அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. நான் நோட்டோ செரிஃப் தமிழ் வைத்து, குறைந்த அளவை 16 ஆக்கியிருக்கிறேன். தனக்கென்று எழுத்துரு வைத்திருக்கும் தளங்கள் அதைத்தான் காட்டும், ஆனால் எழுத்து ஓரளவுக்குக் கீழே சிறுக்காது.

பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள்களான நீட்சிகள் ஒரு காலத்தில் பதினாறு வைத்திருந்தேன். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது பழைய வகை நீட்சிகள் எல்லாமே நின்றுபோயின. அதில் பாதியின் பெயரே எனக்கு நினைவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது இரண்டுதான். ஒன்று யூபிளாக் ஆரிஜின், விளம்பரத்தைத் தடுக்க. குரோமும் பின்னாளில் தன் பழைய நீட்சி முறையைக் கைவிட்டதால் அங்கே இதன் லைட் வடிவம் மட்டும்தான் ஓடுகிறது. இங்கே முழு வடிவமும் ஓடுகிறது. இன்னொன்று மொசில்லாவே தரும் கன்டெய்னர் நீட்சி. வீட்டு மின்னஞ்சல், வேலை மின்னஞ்சல் இரண்டையும் ஒரே விண்டோவில், ஒன்றிலிருந்து வெளியேறாமல், அடுத்தடுத்த டேப்பில் திறக்கலாம். பலன் அதிகம், பேசுவோர் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. நான் அடிக்கடி போக வேண்டிய ஓர் அலுவலகத் தளம், ஃபயர்பாக்ஸில் ஓடிபி பெட்டி வரை ஒழுங்காகக் கொண்டுபோய், அங்கே பொத்தானை அமுக்கவிடாமல் நிற்கிறது. குரோமில் மட்டும் சோதித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தளத்துக்காகவே இன்னொரு பிரவுசர் வைத்திருக்கிறேன். அதில் நீட்சி கிடையாது, புக்மார்க் ஒன்றே ஒன்று, இதுவரை இரண்டாவது டேப் திறந்ததில்லை.