கோர்ட் வாசலில் மனு போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள்

எங்கள் வீட்டில் போனது 9,500 ரூபாய். அதில் 4,000 அம்மாவின் தோடு. அது இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

என் அண்ணன் ஒரு அடிதடி வழக்கில் கோயம்புத்தூர் மத்தியச் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். அவன் அடித்தானா இல்லையா என்பதை கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும், இந்தப் பதிவு அதற்கில்லை. நாங்கள் கோத்தகிரிப் பக்கம். ரிமாண்ட் நீட்டிக்கும்போது அவனை மேலே கூட்டி வருவார்கள், வாசலிலாவது முகத்தைப் பார்க்கலாம் என்று அம்மா காத்திருந்தார். வீடியோவிலேயே முடித்துவிட்டார்கள். அம்மா வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதபோதுதான் அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா.

"அழாதீங்கம்மா, கோயம்புத்தூர் ஜெயில்ல நமக்கு எல்லாரையும் தெரியும். மனு நான் போட்டுத் தர்றேன்."

சிறையில் ஆளைப் பார்ப்பதற்கு 'மனு' என்று பெயர். மனு பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு அந்த வார்த்தையே அன்றைக்குத்தான் தெரியும். அவர் வாயில் அது சரளமாக வந்ததாலேயே நம்பிவிட்டோம்.

மனு புக்கிங் ஒரு தடவைக்கு 500, இரண்டு தடவைக்கு முன்பணமாக 1,000. அண்ணன் வீட்டுக்குப் போன் பேச அம்மா நம்பரை 'ஆக்டிவேட்' செய்ய 1,500. உள்ளே கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்க அவன் கணக்கில் போட 3,000. எல்லாம் ஜிபே. ரசீது கேட்டேன். "ஜெயில் விஷயத்துல ரசீது எல்லாம் தர மாட்டாங்க தங்கச்சி" என்றார்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில். சாதிச் சான்றிதழ், பட்டா, பென்ஷன் என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவதுதான் என் வேலை. அப்படிப்பட்ட நான் இதைத் தேடிப் பார்க்கவில்லை. கடை கம்ப்யூட்டரின் திரை முதலாளி நாற்காலியைப் பார்த்தபடி இருக்கும். 'சிறை' என்று அதில் டைப் அடிக்கக் கை வரவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. தேதி, மதியம் 2 மணி, பச்சை எழுத்தில் 'உறுதி'. இருட்டு விலகும் முன்பே கிளம்பி, மேட்டுப்பாளையம் இறங்கும்வரை வளைவுக்கு வளைவு அம்மா எலுமிச்சையை முகர்ந்துகொண்டே வந்தார். மடியில் ஒரு பை வர்க்கி. வ.உ.சி. செக்கிழுத்த ஜெயில் என்று ஆறாம் வகுப்பில் படித்த அதே இடத்தின் வாசலில் அம்மாவோடு போய் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

கவுன்டரில் இருந்தவர் ஸ்கிரீன்ஷாட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் பதிவேட்டில் இரண்டு பக்கம் புரட்டினார். "இது எங்களோடது இல்லம்மா. யார்கிட்ட காசு கொடுத்தீங்க?" மனு பதிகிற நேரம் காலையிலேயே முடிந்திருந்தது. வர்க்கியும் உள்ளே போகாது என்றார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் பாதி தூளாகிக் கிடந்தது.

அந்த ஆளுக்குப் போன் செய்தால் "சர்வர் டவுன், அடுத்த வாரம் பக்கா" என்றார். இங்கேயே நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நான்காம் நாள் ராத்திரி வேறொரு நம்பரிலிருந்து ஒருவர் பேசினார். உள்ளே சண்டை, அண்ணனுக்குத் தலையில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், வெளியே மருந்து வாங்க 8,000 வேண்டும். பின்னால் யாரோ முனகும் சத்தம் வேறு. விடிந்ததும் தோடு போனது, 4,000 அனுப்பினோம்.

மூன்று நாள் கழித்து அண்ணனே சிறைப் போனிலிருந்து கூப்பிட்டான். தலையில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மா நம்பரை அவன்தான் உள்ளே எழுதிக் கொடுத்திருக்கிறான், ஒரு பைசா செலவில்லை. கணக்கில் பணம் எதுவும் ஏறவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேஸ்ட் கடன் வாங்கிப் பல் தேய்ப்பதாகச் சொன்னான். கடைசியில் கேட்டான், "ஏன்மா ஒருத்தரும் வரல?"

அன்றைக்குத்தான் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மச்சான் இரண்டு வருஷம் உள்ளே இருந்தாராம்! முதல் நாளே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார். மனு பதிவதற்கென்றே அரசின் இ-பிரிசன்ஸ் இணையதளத்தில் இ-முலாகாத் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பார்க்கப் போகிறவர் விவரம், அடையாள அட்டை எண், உள்ளே இருப்பவர் பெயர், எந்தச் சிறை என்று நிரப்பினால் செல்லுக்கு ஓடிபி வரும். சிறையில் ஏற்றுக்கொண்டால் தகவல் வரும். கட்டணம் கிடையாது. பத்து நிமிஷ வேலை. பட்டா விண்ணப்பத்தைவிட எளிது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

வக்கீலும் ஏற்பாடு செய்கிறேன், 15,000 ஆகும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். நல்லவேளை, அதற்கு எங்களிடம் பணமில்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே சொல்கிறது. ஊட்டியில் மாவட்ட ஆணையம், தாலுகா அளவில் வட்டக் குழு, எதுவும் தெரியாவிட்டால் இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இப்படிப் பணம் போனால் உடனே 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. நாங்கள் சொன்னது பத்து நாள் கழித்து. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ராத்திரியில் அடி, ஆஸ்பத்திரி என்று யார் பேசினாலும் போனை வைத்துவிட்டு நீங்களே சிறைக்குப் பேசி விசாரியுங்கள்.

இப்போது கடிதமும் போடுகிறோம். இன்லண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார்கள் என்று தெரிந்தும், பக்கத்து லைனில் யார் கோழியை யார் நாய் தூக்கியது என்பதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

போன வாரம் அதே டீக்கடையில் அந்த ஆளைப் பார்த்தேன். ஒரு பாட்டியின் ஆதார் கார்டைச் செல்லில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாட்டி, இதுக்குக் காசே கிடையாது, என் கடைக்கு வாங்க" என்றேன். அந்த ஆள் சட்டென்று செல்லைக் காதில் வைத்து "சொல்லுங்க சார்" என்றபடி நடந்துவிட்டார். மணியே அடிக்கவில்லை.