டிக்கியில் ஏற்றும் கனத்தை நிறுத்துவது எது: வலையா, பெட்டியா, பட்டையா?

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் கார்களில் சாமான் வைக்கும் இடமும் ஆட்கள் அமரும் இடமும் உண்மையில் ஒரே அறைதான். செடான் வகைக் கார்களில் டிக்கி தனி அறையாகத் தோன்றினாலும், அங்கும் பல நேரங்களில் இரண்டுக்கும் நடுவே நிற்பது பின்னிருக்கையின் சாய்மானம் மட்டுமே. ஆகவே கனமான எதையும் ஏற்றுகிறவர், அதை எதைக் கொண்டு அசையாமல் நிறுத்துவது என்று தீர்மானித்தாக வேண்டும். இதற்குப் பரவலாகக் கிடைக்கும் வழிகள் மூன்று: நான்கு மூலைகளிலும் மாட்டும் எலாஸ்டிக் வலை, உள்ளே தடுப்புகள் கொண்ட மடக்குப் பெட்டி, பக்கிள் வைத்த பாலியெஸ்டர் பட்டை. மூன்றையும் பயன்படுத்திய பிறகு என் காரில் நிரந்தரமாக இடம் பிடித்திருப்பது பட்டைதான் என்பதால், இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வலையின் நன்மைகள் பார்த்தவுடனே தெரிபவை. அதை நொடியில் மாட்டலாம், நொடியில் கழற்றலாம். பைகள், பந்து, குடை, துணி மூட்டை போன்ற இலேசான பொருள்கள் உருளாமல் இருக்க அதைவிட வசதியான ஒன்று இல்லை. மடக்குப் பெட்டி, உடையும் பொருள்களையும் கசியக்கூடிய புட்டிகளையும் நிமிர்த்தி வைக்க உதவுகிறது. ஆனால் பெட்டிக்குள் இருப்பது அசையாமல் இருப்பதாலேயே பெட்டியும் அசையாது என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் பற்றுக்கொக்கிப் பட்டி (வெல்க்ரோ) ஒட்டப்பட்ட பெட்டிகள் தரைவிரிப்பை ஓரளவு பிடித்துக்கொள்ளும் என்றாலும், கனம் ஏற ஏற அந்தப் பிடி போதாமல் போகிறது. இலேசான சாமானுக்கு இந்த மூன்றில் எதை வாங்கினாலும் பெரிய வேறுபாடு இல்லை. தண்ணீர் கேன், கருவிப்பெட்டி, மின்கலம், புத்தகக் கட்டு என்று 20 கிலோ, 40 கிலோ எடையுள்ளவை ஏறும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

என் தேர்வைத் தீர்மானித்தது ஒரே காரணம்: கனத்துக்கும் இருக்கையின் சாய்மானத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி. உலர்ந்த சாலையில் முழு பலத்துடன் பிரேக் அழுத்தினால் காரின் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பின் ஏறத்தாழ 0.8 மடங்கை எட்டும். தரைவிரிப்பின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கு உராய்வால் கிடைக்கும் பிடியை 0.3 மடங்கு என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ பெட்டியின் எடையில் பாதியளவு, அதாவது 20 கிலோ எடைக்கு நிகரான விசை, அதை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தப் பற்றாக்குறையை மேலிருந்து அழுத்தும் கட்டினால் மட்டுமே ஈடுகட்ட வேண்டுமானால், அந்த அழுத்தத்திலும் 0.3 மடங்கே பிடியாக மாறும் என்பதால், பெட்டியின் மேலாகப் போகும் பட்டை இரு பக்கமும் தலா 34 கிலோ அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். விரல்களால் இழுத்து மாட்டும் எலாஸ்டிக் வலை இந்த இறுக்கத்துக்கு அருகில்கூட வராது. மேலும் அது நீள்வதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே பெட்டி நகரத் தொடங்கினால் வலையும் கூடவே நீண்டு இடம் கொடுக்கும்.

பிரேக்கில் நகர்வது பெரும்பாலும் தொல்லையோடு முடிந்துவிடும். மோதலில் நிலைமை வேறு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு தடையில் மோதி, முன்பகுதி நசுங்கி, சுமார் 60 செ.மீ. தொலைவுக்குள் நிற்பதாகக் கொள்வோம். கட்டப்படாத பெட்டி அந்தக் கணத்திலும் பழைய வேகத்திலேயே முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பெட்டிக்கும் சாய்மானத்துக்கும் நடுவே 40 செ.மீ. இடைவெளி இருந்தால், அது சாய்மானத்தைத் தொடும்போது இரண்டுக்கும் இடையிலான வேகம் ஏறத்தாழ மணிக்கு 40 கி.மீ. ஆகிவிடுகிறது. இடைவெளியைப் பாதியாக்கினாலும் அது 30 கி.மீ. அளவுக்குத்தான் குறையும். பெட்டி ஏற்கெனவே சாய்மானத்தில் ஒட்டியிருந்தால் மோதும் வேகம் என்ற ஒன்றே இல்லை. பெட்டியும் காரும் சேர்ந்தே வேகம் இழக்கின்றன. விசை அப்போதும் பெரியதுதான், ஆனால் அது அடியாக விழாமல் தள்ளுதலாக வருகிறது. மூன்று பொருள்களையும் இந்த ஓர் அளவுகோலால் பார்த்த பிறகு எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. கனத்தைச் சாய்மானத்தோடு ஒட்டி வைத்து, திருப்பத்திலும் மேடுபள்ளத்திலும் அது பின்வாங்கிவிடாமல் பிடித்து வைத்திருக்கப் பட்டையால்தான் முடிகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் புலப்படுகிறது: மோதலில் பெரும் சுமையைத் தாங்கப்போவது சாய்மானம், பட்டையின் வேலை பெட்டியை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது. சாய்மானத்தின் வலிமைக்கும் வரம்பு உண்டு. இருக்கைகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 17-இன் கீழ் நடக்கும் சாமான் சோதனையில், தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை பின்னிருக்கைக்குப் பின்னால் வைத்து, மணிக்கு 50 கி.மீ. அளவிலான மோதலைச் செய்து பார்க்கிறார்கள். எனவே 100 கிலோ சாமானை ஏற்றிவிட்டு இருக்கை பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பதற்கு அடிப்படை கிடையாது. பின்னிருக்கை காலியாக இருக்கும்போது அதன் சீட் பெல்ட்டுகளைப் பூட்டி வைத்தால் சாய்மானத்துக்குக் கூடுதல் பிடி கிடைக்கும். பிரித்து மடிக்கும் இருக்கையாக இருந்தால், பூட்டு முழுமையாக விழுந்ததா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பல கார்களில் பூட்டு விழாதபோது நெம்புகோலின் அருகில் சிவப்புக் குறி தெரியும்.

கட்டும் முறை எளிதானது. மிகக் கனமானதை அடியில், சாய்மானத்தில் ஒட்டி, காரின் அகலத்துக்கு நடுவாக வைக்க வேண்டும். டிக்கித் தரையின் மூலைகளில் மடிந்து கிடக்கும் உலோக வளையங்களை நகத்தால் நெம்பித் தூக்கி, இரண்டு பட்டைகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போட்டு இறுக்க வேண்டும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிளே காருக்குப் போதும். பற்சக்கரத்தால் இறுக்கும் ராட்சட் வகை, அட்டைப்பெட்டியை நசுக்கவும் வளையத்தையே பெயர்க்கவும் வல்லது. இறுக்கிய பின் பட்டையை விரலால் தட்டினால் அது விறைப்பாக அதிர வேண்டும். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் மறுபடி தட்டிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் சாமான் அமர்ந்துகொண்டதும் முதல் இறுக்கம் தளர்ந்துவிடும்.

வளையங்களில் ஒரு குழப்பத்துக்கு இடமுண்டு. அதை மட்டும் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும். குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டுவதற்கான கொக்கி, சில கார்களில் சாய்மானத்தின் பின்புறத்திலும், சிலவற்றில் டிக்கித் தரையிலும், சிலவற்றில் கூரையிலும் இருக்கிறது. அதன் அருகில் நங்கூரக் குறியோ குழந்தை இருக்கைக் குறியோ பொறிக்கப்பட்டிருக்கும். சாமான் வளையத்தில் குழந்தை இருக்கையின் பட்டையை மாட்டினால், மோதலில் அந்த வளையம் கழன்று இருக்கை முன்னோக்கிச் சாயக்கூடும். குழந்தை இருக்கைக்கான கொக்கியில் சாமானைக் கட்டுவதும் கூடாது. எது எதற்கானது என்பதைக் காருடன் வரும் கையேட்டில் ஒருமுறை பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே பட்டையைக் கையில் எடுக்க வேண்டும்.

பராமரிப்பிலும் பட்டையே முந்துகிறது. ஐரோப்பியத் தரத்தில் செய்யப்படும் பாலியெஸ்டர் பட்டையில் நீல நிறச் சீட்டு தைக்கப்பட்டிருக்கும். அது தாங்கும் விசை அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டு விழுந்திருக்கிறதா, வெயிலில் வெளிறி விறைத்துப் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே அதன் நிலை தெரிந்துவிடும். வெட்டு விழுந்த பட்டையை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்தக் கூடாது. முடிச்சு அதன் வலிமையைப் பெருமளவு குறைத்துவிடும். வலையின் ரப்பர் இழைகளோ உறைக்குள் மறைந்திருப்பவை. வெயிலில் அவை தளர்ந்து போனாலும் வெளியே பார்க்கும்போது வலை புதிது போலவே இருக்கும்.

கார் தயாரிப்பாளர் தரும் உள்வசதிகள் சிலவற்றையும் இந்தப் போட்டியில் சேர்ப்பவர்கள் உண்டு. டிக்கிப் பக்கச்சுவரில் உள்ள பைக்கொக்கி சில கிலோ எடைக்கு மட்டுமே ஆனது. சாமானை மறைக்கும் பார்சல் ட்ரே பார்வைக்கான மறைப்பு. அதன் மேல் வைக்கும் எதுவும் பிரேக் அழுத்தியவுடன் தலைகளை நோக்கி வரும். பின்னிருக்கைக்கு மேலுள்ள துணிக்கொக்கியில் துணியை மட்டுமே மாட்ட வேண்டும், ஹேங்கரோடு மாட்டக் கூடாது. பக்கத் திரைக் காற்றுப்பை விரியும்போது அந்த ஹேங்கர் தெறித்துப் பாயும். டிக்கியிலுள்ள 12 வோல்ட் சாக்கெட் பெரும்பாலான கார்களில் 120 வாட் வரைதான் தரும். குளிர்ப்பெட்டியை அதில் செருகுவதற்கு முன் அந்தப் பெட்டியையும் கட்டிவிட வேண்டும், ஏனெனில் அதுவும் ஒரு கனம்தான். நீளமான பொருளுக்காகப் பின்கதவைத் திறந்தபடி ஓட்டினால் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே இழுக்கப்படும் என்பதால், எந்தப் பட்டையைக் கொண்டு கட்டினாலும் அந்த ஏற்பாடு பாதுகாப்பானது ஆகாது.

பட்டையால் ஆகாத ஓர் இடம் உண்டு: சாமான் சாய்மானத்தின் உயரத்தைத் தாண்டும்போது. மேலடுக்கில் இருப்பதை நிறுத்த அங்கே சாய்மானம் இல்லை; கூரையிலும் தரையிலும் மாட்டும் தடுப்பு வலையோ உலோகக் கிராதியோ தேவைப்படும். இது முதலில் சொன்ன எலாஸ்டிக் வலையிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. தடுப்பு வலையை நான் சிறிது காலமே பயன்படுத்தியிருக்கிறேன். கிராதியைப் பொருத்திப் பார்த்ததே இல்லை. ஆகவே இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல இயலாது. கார்களுக்கான சாமான் தடுப்பு முறைகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 27955 என்ற தரம் இருக்கிறது. கிராதி வாங்க நினைப்பவர்கள், அது இந்தத் தரத்தின்படி தங்கள் கார் மாடலுக்கென்று சோதிக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்கலாம். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கிராதிகள் கூரையை வெறும் அழுத்தத்தால் பற்றி நிற்பவையாக இருந்தால், அவற்றை வாங்குவதைவிடச் சாமானைச் சாய்மானத்தின் உயரத்துக்குள் அடக்கி இரண்டு நடையாக எடுத்துச் செல்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.