அடிபட்டாலும் கரை சேரும் ரோபோ: நீரோடிக் கடலில் மூன்று வருட அனுபவம்

நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே, தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் கடலில் மூன்று வருடமாக ஒரு சின்ன நீரடி ரோபோவை ஓட்டுகிறோம். கரை அரிப்பு எங்கள் ஊரின் தீராத வேதனை. அரித்துப் போகும் மணல் கடலடியில் எங்கே சேர்கிறது என்று அளப்பதுதான் இதன் வேலை.

இதற்குக் கயிறு கிடையாது. தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ், ரேடியோ எதுவும் எடுபடாது. 2010 மார்ச்சில் சிலிக்கு அப்பால் ஏபிஇ என்ற ஆய்வு ரோபோ தன் 222ஆவது முழுக்கில் போனது போனதுதான். கீழே ஏதாவது உடைந்தால் அதுவே கண்டுபிடித்து அதுவே சமாளிக்க வேண்டும்.

தண்ணீரைத் தள்ளி ரோபோவை நகர்த்தும் விசிறி மோட்டார்தான் த்ரஸ்டர். படுக்கை வாட்டில் நான்கு, செங்குத்தாக இரண்டு. ஒவ்வொரு மோட்டாரும் இழுக்கும் மின்சாரத்தை மென்பொருள் கவனிக்கிறது. விசிறியில் ஏதாவது சிக்கினால் மின்சாரம் ஏறும், இலை உடைந்தால் இறங்கும். கேட்க எளிதுதான். ஆனால் முதல் வருடம் நீவாடு (கடல் நீரோட்டம்) கொஞ்சம் இழுத்தாலே தனக்கு அடிபட்டதாக நினைத்து மேலே வந்துவிடும். அலை வந்து போகும், பழுது போகாது. அதனால் மின்சாரமும், உடம்பு திரும்புவதை அளக்கும் கைரோவும் இருபது விநாடி ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பு என்று மாற்றினோம். அப்புறம்தான் ஒழுங்காக வேலை நடந்தது.

இரண்டாம் வருடம் மாசியில் ஒரு நாள் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. எனக்கு உயிரே இல்லை. வள்ளத்தில் தூக்கிப் பார்த்தால், மூன்றாவது த்ரஸ்டரின் தண்டில் தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு) நூல்கண்டு போல இறுகச் சுற்றியிருந்தது. அந்த மோட்டாரை அணைத்துவிட்டு மற்ற மூன்றுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துத் திரும்பியிருக்கிறது. “எஞ்சின்ல சுத்துனாலும் இப்பிடித்தான் மூச்சு முட்டும் மக்ளே” என்றார் வள்ளக்கார மாமா.

செங்குத்து த்ரஸ்டரில் ஒன்று போனால் இந்தச் சாமர்த்தியம் செல்லாது, உடம்பு சாய்ந்துவிடும். அதற்கு எடையைக் கழற்றிவிட்டு மேலே வா என்பது மட்டும்தான் கட்டளை.

ஒரு விஷயத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும். புது த்ரஸ்டர் போட்ட பிறகும் ரோபோ அதைத் தொடவே இல்லை. பழைய பழுது நினைவிலேயே இருந்தது, அரை நாள் வீணானது. இப்போது ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் அந்தப் பதிவை அழித்து, தண்ணீர்த் தொட்டியில் ஆறு மோட்டாரையும் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கடலில் இறக்குகிறோம்.