தொட்டியில் அச்சிட்ட 3500-ஐ நம்பி ஏமாந்தேன்

புது ஜெனரேட்டர் வாங்கி இருபது நாள் ஆவதற்குள் எங்கள் ஃபிரிட்ஜின் கம்ப்ரெசர் எரிந்துவிட்டது. ஜெனரேட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. விற்றவர் சொன்ன சொல்லில்தான் கோளாறு.

கடைக்குப் போகும்போது கையில் ஒரு தாள் வைத்திருந்தேன். ஃபிரிட்ஜ், ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார், நான்கு மின்விசிறி, விளக்குகள் என்று எழுதியிருந்தேன். கடைக்காரர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. பெட்ரோல் தொட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த 3500-ஐ விரலால் தட்டினார். “மூவாயிரத்து ஐந்நூறு வாட் சார். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் இதற்குக் கால் வயிற்றுக்குக்கூடக் காணாது” என்றார். நானும் தலையாட்டிப் பணத்தைக் கொடுத்தேன்.

அந்த 3500 வாட்டே அல்ல, மாடலின் பெயர். உண்மையான அளவு, மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டர் பக்கத்தில், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு சிறு தகட்டில் இருக்கிறது: அதிகபட்சம் 2.8 கேவிஏ, தொடர்ந்து ஓட 2.5 கேவிஏ, திறன் காரணி 0.8. கேவிஏ என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் அளவு. அதில் எவ்வளவு பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்று சொல்வது திறன் காரணி. இரண்டரையை 0.8-ஆல் பெருக்கினால் 2 கிலோவாட், அதாவது 2000 வாட். அவ்வளவுதான். ‘அதிகபட்சம்’ என்பது சில நொடி மூச்சுப் பிடிப்பதற்கு. அதை நம்பி எதையும் ஓட்டக் கூடாது.

இனி மோட்டார் கணக்கு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது மோட்டார் வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது ஆயிரம் வாட்டைத் தாண்டும். சுழலத் தொடங்கும் அந்த நொடியிலோ, ஓடும்போது இழுப்பதைப் போல் மூன்று முதல் ஆறு மடங்கு மின்னோட்டம் வேண்டும். ஃபிரிட்ஜும் அப்படித்தான்: ஓடும்போது 150 வாட் அளவில் சாதுவாக இருக்கும், கம்ப்ரெசர் எழும்போது பல மடங்கு கேட்கும். என் தாளில் இருந்ததை வெறுமனே கூட்டினால் 2000-க்குள் அடங்கிவிடும். தொடக்க இழுப்பைச் சேர்த்தால் தண்ணீர் மோட்டார் ஒன்றே இந்த இயந்திரத்துக்கு மிஞ்சும்.

அன்று இரவு நடந்ததும் அதுதான். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரைப் போட்டேன். எஞ்சின் முனகியது, விளக்குகள் மஞ்சளாகச் சோர்ந்தன. மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டே நின்றது. சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழும் என்று காத்திருந்தேன். ஆனால் அது சூடேறி விழுவதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் மின்னழுத்தம் சரிந்து, கம்ப்ரெசரும் சுழல முடியாமல் நின்று, மின்னோட்டத்தை மட்டும் இழுத்துச் சூடானது. இதே கூத்து மூன்று இரவு நடந்தது. (முதல் இரவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.)

கடையில் முறையிட்டபோது கிடைத்த பதில்: “ஓவர்லோட் செய்திருக்கிறீர்கள் சார், வாரண்டியில் வராது.” எல்லாவற்றையும் ஓட்டலாம் என்று சொன்ன அதே வாய்! ரசீதை எடுத்துப் பார்த்தேன். மாடல் எண் மட்டும் இருந்தது, வாட் என்ற சொல்லே இல்லை. வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், தொடர்ந்து தரும் வாட் எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

ஃபிரிட்ஜ் போனது பணத்தோடு போயிற்று. கடையிலிருந்து பொருத்த வந்த தம்பி கொடுத்துவிட்டுப் போன ஒயரை நினைத்தால்தான் இன்னும் கை நடுங்குகிறது. இரண்டு முனையிலும் ஆண் பிளக். ஒன்றை ஜெனரேட்டரில், மற்றதைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுவதும் மின்சாரம் வரும், மெயினை மட்டும் அணைத்துவிடுங்கள் என்றார். ஒரு முனையைச் செருகினாலே மறுமுனையின் கம்பிகள் கையில் உயிரோடு இருக்கும். மெயினை ஒருமுறை மறந்தால் மின்சாரம் தெருவுக்குப் போகும். அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கம்பிக்கு அனுப்பும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் என்ன ஆவார்? இதற்கென்றே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறது. வீட்டைத் தெரு மின்சாரத்தோடோ ஜெனரேட்டரோடோ, ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டும் இணைக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பொருத்த வேண்டியது அது. அந்த ஒயரை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன்.

மழை படாமல் வராந்தாவில் வையுங்கள் என்றதும் அதே தம்பிதான். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இப்போது வீட்டிலிருந்து 6 மீட்டருக்கு மேல் தள்ளி, திறந்த வெளியில், சன்னல் இல்லாத பக்கம் வைத்திருக்கிறேன். தூரம் கூடியதால் தடித்த செம்பு ஒயர் வாங்கி, சுருட்டாமல் முழுக்க விரித்துப் போடுகிறேன். சுருட்டி வைத்தால் சூடு தேங்கும்.

கம்ப்ரெசரை மாற்றியாயிற்று. மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வெறுமனே இரண்டு நிமிடம் ஓடவிட்டு, முதலில் ஃபிரிட்ஜை மட்டும் போடுகிறேன். அது எழுந்து சத்தம் சீரான பிறகே விசிறிகள், விளக்குகள். மொத்தம் 1600 வாட்டுக்கு மேல் போவதில்லை. அணைக்கும்போது முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்துகிறேன். தண்ணீர்த் தொட்டியை மின்சாரம் இருக்கும்போதே நிரப்பிவிடுகிறோம்.

கடைசியாகக் கடைக்குப் போன அன்று ஒரு பெரியவர் அதே மாடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் தொட்டியைத் தட்டினார். நான் பெரியவரிடம், “ஐயா, கொஞ்சம் குனிந்து அந்தத் தகட்டைப் படியுங்கள்” என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.