முதல் காசு கூரைக்கா, எஞ்சினுக்கா? பழைய ராணுவ வாகனங்களைக் காக்க நான்கு வழிகள்

பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு ராணுவ அருங்காட்சியகத்துக்கு எப்படியோ ஒரு தொகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் இருபது முப்பது வண்டிகள் நிற்கின்றன: டாங்கிகள், கவச வண்டிகள், லாரிகள், பீரங்கியை இழுத்துச் சென்ற டிராக்டர்கள். எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் போதாது. அப்போது எழும் விவாதம் பெரும்பாலும் நான்கு வழிகளைச் சுற்றியே வரும். ஒரு வண்டியையாவது ஓட வைக்கலாம். எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் அடிக்கலாம். கொட்டகை போட்டு ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம். அல்லது சிலவற்றை வெளியே கொடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம்.

நான் கொட்டகைப் பக்கம். மற்ற மூன்றுக்கும் வாதாடுபவர்களிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். அதற்கு முன், வண்டியில் உண்மையில் எது அழிகிறது என்று பார்த்துவிடுவோம்.

எது பிழைக்கும், எது சாகும்

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரின் முடிவில் செய்த டி28 என்ற ராட்சத டாங்கி சுமார் 86 டன் எடை. மொத்தம் செய்ததே இரண்டு. ஒன்று சோதனையின்போது எஞ்சின் தீப்பிடித்து வீணானது. மற்றதும் கழிவு இரும்பாகப் போய்விட்டது என்றே நம்பினார்கள். 1974-ல் வர்ஜீனியா மாநிலத்து ராணுவ முகாம் ஒன்றின் பின்புற வயலில் அது கேட்பாரற்றுக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அத்தனை காலம் யாரும் தொடாமல் கிடந்தும் டாங்கி டாங்கியாகவே இருந்தது.

இதைக் கேட்டதும் "இரும்புதானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. மிதமான சூழலில் பூச்சில்லாத எஃகு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான்வரை (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு) துருவுக்குக் கொடுக்கும். 100 மி.மீ. கவசத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 1 மி.மீ. தகட்டில் செய்த மட்கார்டுக்கோ கருவிப் பெட்டிக்கோ அது சில பத்தாண்டுகளில் முடிந்துபோகும் கணக்கு. தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடுக்கில் தண்ணீர் நின்றால் இன்னும் சீக்கிரம். வயர்கள், ரப்பர், துணி இருக்கை, தோல் பட்டை, பெரிஸ்கோப் கண்ணாடி, அளவு மானிகள் எல்லாம் அதற்கும் முன்பே போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கவசம் மட்டும் தெரிவதால், வண்டி நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

வெளியே பல ஆண்டுகள் நின்ற ஒரு டாங்கியில் ஓட்டுநர் பக்க மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடித்தட்டில் கறுத்த தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படலம், மட்கிய இலைகள், பறவைக் கூட்டிலிருந்து உதிர்ந்த குச்சிகள். பக்கச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். போன மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. பல டாங்கிகளில் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான், வண்டியின் அகலத்துக்குக் குறுக்காகப் படுத்திருக்கின்றன. தண்ணீர் வடிவதற்கென்றே அடியில் துளைகள் உண்டு. ஆனால் இலையும் சேறும் அடைத்த துளையில் எது வடியும்?

மழை மட்டும் காரணமில்லை. 50 டன் எஃகு இரவில் குளிர்ந்தால் காலையில் லேசில் சூடாகாது. காற்று அதற்கு முன்பே சூடாகி, ஈரத்தோடு வந்து அந்தக் குளிர்ந்த எஃகைத் தொடும். தொட்டதும் எஃகு உள்ளும் புறமும் வியர்த்துவிடும். ஒரு துளி மழை பெய்யாத வாரத்திலும் வண்டிக்குள் ஈரம் சேர்வது இப்படித்தான்.

ஓட வைப்பது

நான்கில் மனதை இழுப்பது இதுதான். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131, 1943-ல் துனிசியாவில் பிடிபட்டது. 1990-ல் அதைக் காட்சியிலிருந்து எடுத்துச் சீரமைக்கத் தொடங்கினார்கள்; ஓடும் எஞ்சினோடு அது திரும்பி வந்தது 2003-ல். அது ஓடும் நாளைப் பார்க்கவென்றே கூட்டம் கூடுகிறது. பிரான்ஸின் சோமூர் அருங்காட்சியகமும் ஓடும் டாங்கிகளுக்காகவே பெயர் பெற்றது. ஓடும் வண்டி நுழைவுச்சீட்டை விற்கும், நன்கொடையைக் கொண்டுவரும், குழந்தைகளை இழுக்கும். இதை யாரும் மறுக்க முடியாது.

இன்னொரு நன்மை பணத்தைவிடப் பெரியது. பழைய கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கையேட்டில் இருப்பது பாதி வித்தை, மீதி கையில் இருப்பது. ஒரு வண்டியாவது ஓடினால்தான் அந்த மீதிப் பாதி அடுத்தவர் கைக்குப் போகும்.

ஆனால் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கே சீரமைப்பு பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய இடத்தில் இரண்டாம் ஆண்டில் பணம் தீர்ந்துபோகும். அப்போது மிஞ்சுவது பிரித்துப் போட்ட ஒரு வண்டியும், பெயர் எழுதாத பெட்டிகளில் அதன் பாகங்களும். பிரித்தவர் விலகிவிட்டால் எந்த போல்ட் எங்கே போகும் என்று சொல்ல ஆளில்லை. இதைவிட, பிரிக்காமல் துருப்பிடித்த வண்டி எவ்வளவோ மேல். அப்புறம் உதிரி பாகம். கடையில் கிடைக்காததை இன்னொரு வண்டியிலிருந்துதான் கழற்றுவார்கள். ஒன்று ஓட, இரண்டு வெறும் கூடாகும்.

ஓடுவதே தேய்மானம் என்பது அடுத்தது. பிரேக், கிளட்ச், பேரிங், டாங்கியின் சங்கிலிப் பட்டையைக் கோக்கும் ஊசிகள் எல்லாம் போரைப் பார்த்த அசல் பாகங்கள். அவை தேய்ந்து புதியன ஏற ஏற, வண்டி சொல்லும் சாட்சியம் குறைகிறது. இன்னொரு பழக்கமும் பரவலாக இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, விழா நாளில் பத்து நிமிடம் எஞ்சினை முடுக்கி அணைப்பது. இது எஞ்சினுக்கு உடற்பயிற்சி என்று நினைக்கிறார்கள். உண்மையில் முழுச் சூடு ஏறாத எஞ்சினில், எரிபொருள் எரிந்து உண்டாகும் நீரும் அமிலமும் வெளியேறாமல் எண்ணெயில் கலந்து உள்ளே தங்கிவிடும். அதற்குப் பதில் திரவங்களை வடித்து, சிலிண்டர்களில் பாதுகாப்பு எண்ணெய் விட்டு, அவ்வப்போது கையால் சுழற்றி வைப்பது எவ்வளவோ பத்திரம். செலவும் சொற்பம்.

பெயிண்ட் அடிப்பது

இது சீக்கிரம் முடியும், புகைப்படத்தில் அழகாக இருக்கும், நன்கொடையாளருக்குக் காட்டலாம். நல்ல ப்ரைமரோடு செய்தால் வெளித்தகடுகளுக்குச் சில ஆண்டுகள் பாதுகாப்பும் உண்டு. அதற்குமேல் இதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. உள்ளே நிற்கும் தண்ணீரை வெளிப் பெயிண்ட் ஒன்றும் செய்யாது. துருவின் மேலேயே பூசினால் துரு பெயிண்டுக்கு அடியில் மறைந்து வளரும். துருவை எடுக்க மணலை வீசிச் சுரண்டினாலோ போர்க்கால நிறம், படைப்பிரிவின் குறி, யாரோ ஒரு வீரர் கையால் எழுதிய பெயர் எல்லாம் ஒரே பிற்பகலில் போய்விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் சுரண்டுபவரின் நுரையீரலுக்கும் கேடு.

கொட்டகையும் உலர்ந்த காற்றும்

பார்வையாளருக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. நன்கொடை கேட்பதும் கஷ்டம். எஞ்சின் உறுமும் காணொளியைக் காட்டிக் கேட்பதுபோல் ஈரப்பத மானியைக் காட்டிக் கேட்க முடியாது. இருந்தும் ஒரு வண்டிக்குச் செலவாகும் பணத்தில் எல்லா வண்டிகளுக்கும் பலன் தருவது இது ஒன்றுதான்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சாதாரண எஃகில் துரு கிட்டத்தட்ட நின்றுவிடும். 60-ஐத் தாண்டினால் வேகமெடுக்கும். உப்பு ஊறிய இரும்புக்கு இது போதாது. பிரிஸ்டலில் இருக்கும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற பழைய இரும்புக் கப்பலின் அடிப்பகுதியைச் சுற்றி 20 சதவீத ஈரப்பதத்தில் காற்றை வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் கடல் உப்பு அதன் இரும்புக்குள்ளேயே இருக்கிறது. கடற்கரைப் போரில் நனைந்த வண்டிகளுக்கும், பல ஆண்டுகள் கடலோரத்தில் நின்றவற்றுக்கும் இது பொருந்தும். அதே சமயம் காற்றை ரொம்பவும் உலர்த்தினால் தோலும் மரமும் வெடிக்கும். அதனால் இருக்கை, பட்டை, துணி போன்றவற்றைக் கழற்றி, எதிலிருந்து எடுத்தது என்று குறித்து, தனி அறையில் வைப்பது நல்லது.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்க முடியாவிட்டால் வெறும் கூரையாவது வேண்டும். கூரை மழையையும் வெயிலையும் நிறுத்தும், இரவில் எஃகு வானத்தைப் பார்த்துக் குளிர்வதையும் குறைக்கும். போவிங்டனே 2013-ல்தான் வாகனப் பாதுகாப்பு மையம் என்ற பெரிய கொட்டகையைத் திறந்து, அதுவரை வெளியே நின்ற பல வண்டிகளை உள்ளே கொண்டுவந்தது. டைகர் ஓடத் தொடங்கிப் பத்தாண்டு கழித்து! உலகப் புகழ் பெற்ற இடத்துக்கே கூரை இவ்வளவு தாமதமாக வந்தது என்றால், மற்றவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இந்த வழியிலும் சிக்கல்கள் உண்டு. தரை 50, 60 டன்னைத் தாங்க வேண்டும். மின்கட்டணம் மாதாமாதம் வரும், ஒருமுறை நன்கொடை அதைத் தீர்க்காது. மூடிய இடத்தில், இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய பழைய மானிகள் நிறைய இருந்தால் ரேடான் என்ற கதிரியக்க வாயு சேரும். காற்றோட்டமும் அளவீடும் கட்டாயம். இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மனி செய்த ஏ7வி டாங்கிகள் 20. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கும் மெஃபிஸ்டோ. பல பத்தாண்டுகள் கட்டடத்துக்கு வெளியே நின்று, கடைசியில் உள்ளே வந்தது. உள்ளே இருந்தபோதுதான் 2011 பிரிஸ்பேன் வெள்ளம் அதை நனைத்தது.

விற்பது, கொடுப்பது

இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை வரும். ஆனால் முப்பது வண்டிகளையும் மெல்லத் துருப்பிடிக்க விடுவதும் ஒருவகையில் அவற்றைக் கைவிடுவதுதான், முடிவெடுக்காமல் கைவிடுவது. ஜாக் லிட்டில்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் கலிஃபோர்னியாவில் சேர்த்த பெரும் தொகுப்பு, 2009-ல் அவர் இறந்தபின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. அவர்கள் 2014-ல் ஏறத்தாழ 160 வண்டிகளை ஏலம் விட்டார்கள். 1 கோடி டாலருக்கு மேல் வந்தது. வைத்துக்கொண்ட வண்டிகளோடு 2019-ல் மாசசூசெட்ஸில் அருங்காட்சியகம் திறந்தது. வேதனையான முடிவுதான், ஆனால் மிஞ்சியவற்றுக்குக் கூரை கிடைத்தது.

எல்லாராலும் இப்படிச் செய்ய முடியாது. பல வண்டிகள் அரசுக்குச் சொந்தம், அருங்காட்சியகத்திடம் இரவலில் நிற்பவை. நன்கொடையாக வந்தவற்றுக்கு நிபந்தனை இருக்கும். விற்ற பணத்தைத் தொகுப்பின் நலனுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது சர்வதேச அருங்காட்சியகங்கள் குழுவின் நெறிமுறை. மின்கட்டண பாக்கிக்கோ சம்பளத்துக்கோ அதைத் தொடக்கூடாது. தனியார் கைக்குப் போனால் மக்கள் கண்ணில் படாமலே போகலாம். ஆகவே விற்பதைவிட, கூரையுள்ள இன்னொரு அருங்காட்சியகத்துக்கு நீண்டகால இரவலாகக் கொடுப்பதையே நான் முதலில் முயல்வேன். ஒரே ரகத்தில் நான்கு இருந்தால் இரண்டைக் கொடுங்கள். உலகில் ஒன்றே ஒன்று என்றால் பேச்சே வேண்டாம்.

சீரமைக்காமலே விடுவதும் ஒரு வழி

இதை ஐந்தாவது வழி என்று சொல்லலாம். பிரான்ஸின் ஃபிளெஸ்கியேர் கிராமத்தில் 1998-ல் மண்ணுக்கடியிலிருந்து ஒரு பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். டெபோரா என்று பெயர். 1917 நவம்பரில் காம்ப்ரே சண்டையில் குண்டடிபட்டது. கிழிந்த தகடுகளை ஒட்டவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை. அதில் இறந்த வீரர்களின் கல்லறைகளுக்கு அருகில், 2017-ல் திறந்த சிறு அருங்காட்சியகத்தில், அடிபட்ட கோலத்திலேயே நிற்கிறது. ஓடும் எந்த டாங்கியும் சொல்ல முடியாததை அந்த ஓட்டைகள் சொல்கின்றன. இதற்குத் தேவைப்பட்டதும் கூரைதான்.

கூரைக்கே வழியில்லை என்றால்

இப்போதைக்கு எதற்கும் பணமில்லாத இடங்கள்தான் அதிகம். அங்கேயும் செய்யக்கூடியவை உண்டு. வடிதுளைகளைக் குத்தித் திறந்து, மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். மண்ணில் நிற்கும் வண்டியைக் கான்கிரீட் மேடைக்கு ஏற்றி, உடலுக்கடியில் மரக்கட்டை கொடுத்து ரப்பர் சக்கரங்களின் பாரத்தைக் குறையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டாதீர்கள். தரையின் ஈரம் அதற்குள் சிக்கி, திறந்து வைத்ததைவிட மோசமாக்கும். மூச்சு விடும் துணியாக இருக்கட்டும், கீழே காற்றுப் போக இடம் இருக்கட்டும். பிரேக்கிலும் புகைபோக்கிச் சுற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தெரியாமல் எதையும் உரிக்க வேண்டாம். மானிகளையும் கண்ணாடிகளையும் கழற்றி உள்ளே வைக்கும்போது, கழற்றுவதற்கு முன் அவை இருந்த இடத்தைப் புகைப்படம் எடுத்து, வண்டியின் எண்ணோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.