பினாங்கில் வாங்கிய விக்கா தொடக்கப் பெட்டி

விக்கா என்பது இயற்கையை வழிபடும் ஒரு நவீன சமயம். அதைப் புதிதாகத் தொடங்குவோருக்கான இந்தப் பெட்டியை லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் 65 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். காய்ந்த ரோஸ்மேரி, கல் உப்பு, நான்கு மெழுகுவர்த்தி, அப்புறம் ஆண்டின் 8 பண்டிகைகளை விளக்கும் கையேடு. கையேடுதான் அருமை, அக்டோபர் 31இல் வரும் சௌவின் இறந்தவர்களை நினைக்கும் நாள் என்று படித்ததும், ஆடி அமாவாசைக்குப் பாட்டி வாழையிலை போட்டுப் படைப்பது கண்முன் வந்து நின்றது. ஆனால் டிசம்பர் 21 வாக்கில் வரும் யூல், நீண்ட இரவு கழிந்து வெளிச்சம் திரும்புவதற்கான பண்டிகை, இங்கேயோ ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே அளவு, நாம் எப்படிக் கொண்டாடுவது என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு மெழுகுவர்த்தி வளைந்திருந்தன, கடைக்கார அக்கா மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். ரோஸ்மேரியைச் சாம்பிராணித் தணலில் தூவிப் பாருங்கள், வீடே மணக்கும்.